மட்டமான பெட்டி

"ஃபிரிட்ஜா? போட்டுக்கா?"

கடைக்காரர் துரைக்கண்ணு வெற்றிலையைக் கன்னத்தின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, காதில் விழுந்தது சரிதானா என்று பார்ப்பவர் போல இன்னொரு முறை கேட்டார்.

"ஆமாங்க. சின்னப் படகு. துடுப்புப் போட்டுப் போறது," என்றாள் சம்பூர்ணம்.

வேலூர் பஜாரில் அன்று காலையிலிருந்து அவள் ஏறி இறங்கிய நாலாவது கடை அது. முந்தைய கடைகளிலும் இதே கேள்வி, இதே சிரிப்பு. துரைக்கண்ணு சிரிப்போடு நிற்கவில்லை.

"ஏம்மா, பாலாத்துல தண்ணி பாத்து எத்தினி வருசம் ஆச்சு! இந்த ஊருக்கு வந்து போட்டுக்கு ஃபிரிட்ஜு கேக்கிறியே. இன்னா, கோட்டை அகழியில வுடப் போறியா?"

மின்விசிறி வாங்க வந்திருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சம்பூர்ணத்துக்கு ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. விடியற்காலையில் சந்தவாசலில் பஸ் ஏறும்போது குடித்த காப்பியைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை.

"ஜவ்வாது மலையில ஒரு ஏரி இருக்குதுங்க. நான் அங்க நர்சு. இளம்பிள்ளை வாதம் வராம இருக்க குழந்தைங்களுக்குச் சொட்டு மருந்து ஊத்துறோம். அந்த மருந்து குளிர்ச்சியிலயே இருக்கணும். சூடு ஏறிட்டா அது மருந்தில்ல, வெறுந்தண்ணி. நீங்க சிரிச்சி முடிச்சிட்டீங்கன்னா, பெட்டி இருக்குதா இல்லையான்னு சொல்லிடுங்க. நான் அடுத்த கடைக்குப் போகணும்."

துரைக்கண்ணுவின் சிரிப்பு வெற்றிலையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. முக்காலி ஒன்றை இழுத்துத் துடைத்துப் போட்டார். "குந்தும்மா," என்றார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, "இங்க ஒரு டீ, ரெண்டு பன்னு!" என்று கத்தினார்.

சம்பூர்ணம் உட்கார்ந்தாள். ஊரெல்லாம் சுற்றியும் கிடைக்காத ஒன்று அவளுக்கு அந்த முக்காலியில் கிடைத்தது. அன்று முழுக்க அவளை யாரும் உட்காரச் சொல்லியிருக்கவில்லை.

அவள் சொன்ன ஏரிக்குக் கோணமடுவு என்று பெயர். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நடைபாதை தண்ணீருக்குள் போய்விடும். அதன்பின் தை பிறக்கும்வரை ஏரியைச் சுற்றியிருக்கும் மலையூர்கள் ஐந்துக்கும் படகுதான் வழி. ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்குப் போய் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்து முடிக்க மூன்று நாளாவது ஆகும். அவளிடம் இருந்ததோ ஐஸ் போட்ட ஒரு பிளாஸ்க். அது ஒரு பொழுது தாங்கும். மறுநாள் தாங்காது.

இரண்டு முறை மருந்தைக் கீழே கொட்டியாகிவிட்டது. முதல் முறை பஸ் மலைப்பாதையில் படுத்துக்கொண்டது. இரண்டாம் முறை பிளாஸ்க்கின் உள்கண்ணாடி விரிந்துவிட்டது. இரண்டு முறையும், அந்த ஐந்து ஊர்களில் ஒன்றான புளியமேட்டுத் தாய்மார்கள் சாமைக் கொல்லையில் வேலையைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே அவள் மருந்தை மண்ணில் ஊற்றினாள். கெட்டுப்போனதைக் கொடுத்து ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் முறை செந்தாமரை என்ற பெண் கிட்டே வந்தாள். அவளுடைய மூத்த பிள்ளைக்கு ஒரு கால் சூம்பிப்போய்விட்டது. கைக்குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம்.

"நீ மருந்தக் கொட்டல நர்சம்மா, எங்க பொழுதக் கொட்டுற," என்றாள். "மூணாந்தபாவும் கொட்டுனேன்னு வெச்சிக்கோ, ஒருத்தியும் கரைக்கு எறங்க மாட்டோம். பெரியவன் காலு போனது போனதுதான். சின்னவன மாரியாத்தா பாத்துக்குவா."

அதில் கோபம் இருந்திருந்தால்கூடச் சம்பூர்ணம் தாங்கிக்கொண்டிருப்பாள். செந்தாமரை அதைச் சலிப்போடு சொன்னாள். அந்தச் சலிப்புதான் சம்பூர்ணத்தை ராத்திரியெல்லாம் புரட்டியது.

அந்தச் சமயத்தில்தான் கண்ணமங்கலத்தில் அரிசி மில் வைத்திருக்கும் பஞ்சாட்சரம் வந்து சேர்ந்தார். அவர் பேரன் விஷக்காய்ச்சல் கண்டு பிழைத்திருந்தான். அவன் படுத்திருந்தபோது படவேட்டு அம்மன் சன்னதியில் நின்று, ஏரிக்கரைப் பிள்ளைகளுக்காகப் படகில் ஒரு குளிர்பெட்டி வைப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டார். யாரோ அவரிடம் கொட்டிய மருந்தின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர். ஆனால் குளிர்பெட்டி என்ன விலை விற்கும் என்று அம்மனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தோன்றிய ஒரு தொகையை மஞ்சள் துணியில் முடிந்து, "இதுக்குள்ள முடிச்சிடும்மா" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனையைக் கொடுத்தவர் அங்குசத்துக்கு யோசித்த கதையைக் கேட்டிருக்கிறோம். இவர் அங்குசத்தைக் கொடுத்து ஆனையைத் தேடச் சொன்னார்.

டீ வந்தது. அவள் பன்னைத் தோய்த்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே துரைக்கண்ணு யோசித்தார்.

"கரண்டுல ஓடறது உனக்கு ஒதவாது. ஏரி நடுவுல ஏது கரண்டு?"

"பேட்டரி வெச்சா?"

"லாரி பேட்டரி வெச்சாலும் அரை நாளு. அப்புறம் அத யாரு தூக்கினு போய் சார்ஜு போடறது? கப்பலுக்குன்னே செஞ்சது பம்பாயில கீதாம். அந்த வெலைக்கு உன் ஏரியவே வாங்கிடலாம்."

"ஐஸ் பெட்டி?"

"மரப்பெட்டி, உள்ள தகரம் அடிச்சது. குடுக்கிறேன். தெனம் ஐஸுக்கு எங்க போவ?"

சம்பூர்ணம் பன்னைக் கீழே வைத்தாள். நான்கு கடையிலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நின்றது. மலைக்கு ஏற்றது விலைக்கு ஒத்துவரவில்லை. விலைக்கு ஒத்துவந்தது மலைக்கு ஏறாது.

துரைக்கண்ணு எழுந்து கடையின் பின்கட்டுக்குப் போனார். பழைய சாக்குகளை விலக்கினார். இடுப்பளவு உயரத்தில் வெள்ளைப் பூச்சு உரிந்த ஒரு பெட்டி நின்றது. அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி, அதன்மேல் திரி, பின்புறம் புகைபோக்கி.

"ஏலகிரியில ஒரு பங்களாவுல கெடந்தது. கிஸ்ணாயில் ஃபிரிட்ஜு. அடியில வெளக்கு எரியும், உள்ள குளிரும்."

சம்பூர்ணம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாங்க, மலையிலர்ந்து வந்தவன்னு நெனச்சி வெளையாட்றீங்களா? நெருப்ப வெச்சிக் குளிர வெக்கிறதா?"

"சாமி சத்தியமா! எப்பிடின்னு கேக்காத, எனக்கும் தெரியாது. எரிய வெச்சா ஐஸு கட்டுது, நான் கண்ணால பாத்தேன்." அவர் பெட்டியின் தலையில் தட்டினார். "ஒண்ணே ஒண்ணு. மட்டமா வெக்கணும். ஒரு பக்கம் சாய்ஞ்சாலும் குளிராதுன்னு பங்களாக்காரரு சொல்லிக் குடுத்தாரு."

சம்பூர்ணத்தின் முகம் அன்று முதன்முதலாக மலர்ந்தது. "அதுக்கென்னங்க? தண்ணியவிட மட்டம் எது கீது உலகத்துல? கொத்தனாருகூட குழாயில தண்ணிய ஊத்தித்தான மட்டம் பாக்குறாரு!"

துரைக்கண்ணு ஒரு கணம் யோசித்தார். "அட, ஆமாம்மா! ஏரியாட்டம் மட்டம் எது கீது?" என்றார்.

விஷயம் தெரியாத இரண்டு பேர் மனமார ஒத்துப்போனால் அதைவிட உறுதியான முடிவு உலகத்தில் கிடையாது. மஞ்சள் துணி அவிழ்ந்தது. "வெலையும் மட்டம், பெட்டியும் மட்டமா நிக்கும்," என்று சொல்லி, துரைக்கண்ணு ஒரு புதுத் திரியைக் காகிதத்தில் மடித்து அவள் பையில் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

*

படகோட்டி மாதையனுக்கு நெல்லிவாசல் நாடு என்ற அந்த மலைப்பகுதியில் சொந்தம் அதிகம், பேச்சு அதைவிட அதிகம். ஜீப்பில் வந்த பெட்டியை நாலு பேராகத் தூக்கிப் படகின் நடுவே வைத்துக் கயிற்றால் கட்டி முடித்ததும், சம்பூர்ணம் தீக்குச்சியைக் கிழித்துத் திரியைக் கொளுத்தினாள். மாதையன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கட்டா? எங்கூட்டு அடுப்பு முப்பது வருசமா எரியுது. ஒரு நாளாச்சும் கூழ ஆற வெச்சிருக்குதா அது?"

"பேசாம இருங்க மாதையண்ணா."

"நான் பேசல. அடுப்பு கேக்குது."

அந்தக் கேலி அன்று சாயங்காலம்வரை இருந்தது. பெட்டிக்குள் வைத்திருந்த வெப்பமானியின் முள், வைத்த இடத்திலேயே நின்றது. இரண்டாம் நாள் ஏரிக்காற்று விளக்கை ஊதி ஊதி அணைத்தது. சாக்கைக் கட்டி மறைத்தார்கள். விளக்கு நின்று எரிந்தது, முள் அசையவில்லை. திரியைக் கத்தரித்துப் பார்த்தாள். எண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றினாள். துரைக்கண்ணு கொடுத்த புதுத் திரியையும் போட்டுப் பார்த்தாள். கதவைத் திறந்து கையை உள்ளே விட்டால், வெளியே இருப்பதைவிட உள்ளே கொஞ்சம் கதகதப்பாகவே இருந்தது.

"மட்டமா வெக்கச் சொன்னாரே, வெச்சிருக்கிறமா?" என்று தனக்குத்தானே கேட்டாள்.

மாதையன் ஏரியைக் காட்டினார். அசையாமல் கண்ணாடி போலக் கிடந்தது அது. "இதவிட மட்டம் வேணும்னா வைகுந்தத்துக்குத்தான் போவணும்."

அவளுக்கும் அதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் துரைக்கண்ணு மேல் திரும்பியது. டீ வாங்கிக் கொடுத்து ஏமாற்றிவிட்டாரோ? மூன்றாம் நாளும் முள் நகரவில்லை. விலை குறைந்த பொருளை வாங்குகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பொருள் கெட்டுப்போனால் விற்றவனைத் திட்டவும் முடியாது, வாங்கிய தன்னைத் திட்டாமலும் இருக்க முடியாது.

நாலாம் நாள் மருந்து வரும் நாள். அதைக் கொண்டுவந்தவர் பஞ்சாட்சரமே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, ஆரணியில் மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டி ஒன்றையும் தன் காரிலேயே ஏற்றி வந்திருந்தார். அவர் வேட்டியெல்லாம் ஈரம். கையில் அம்மன் குங்குமம், பெட்டிக்குப் போட ஒரு சாமந்தி மாலை.

"குளிருதாம்மா?" என்று கேட்டார், பிரசாதம் கேட்கும் குரலில்.

"இல்லைங்க." அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "படகுல இது வேலைக்காகாதுங்க. கரையில ஃபாரஸ்டு கொட்டகை ஒண்ணு கீது. எறக்கி அங்க வெச்சிப் பாக்கலாம்."

பஞ்சாட்சரத்தின் முகம் சுருங்கியது. "அது மட்டும் முடியாதும்மா. படகுலன்னு சொல்லிட்டேன். பேரன் படுத்திருக்கும்போது, அவ முன்னால நின்னு, வாய்விட்டுச் சொன்ன வார்த்தை. நான் இன்னா, மில்லு கணக்கா, அப்புறம் மாத்தி எழுதிக்க?"

சம்பூர்ணமும் சாமி கும்பிடுகிறவள்தான். அதனால் அவரிடம் வாதாட முடியவில்லை, அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து படகில் உட்கார்ந்துகொண்டது என்று நினைத்தாள். நினைத்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காரிலேயே முக்கால்வாசி கரைந்துவிட்ட ஐஸ் கட்டியில் மிஞ்சியதை உடைத்துப் பிளாஸ்க்கில் நிரப்பினாள். பொழுது சாயும்வரை தாங்கும், நடுராத்திரிக்குள் கரைந்துவிடும். புளியமேட்டுப் பெண்களுக்கு நாளைக் காலையென்று சொல்லியனுப்பியாகிவிட்டது. இப்போது எல்லாரும் மேலே கொல்லையில் இருப்பார்கள். இருந்தாலும் போய் நிற்போம், கிடைத்த பிள்ளைகளுக்காவது ஊற்றுவோம் என்று படகில் ஏறினாள். வேண்டுதல் நிறைவேறுவதைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று பஞ்சாட்சரமும் ஏறினார். படகு ஒரு சாண் இறங்கியது.

*

புளியமேட்டுக் கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. படகின் மூக்கைச் சேற்றில் ஏற்றி நிறுத்திவிட்டு மாதையன் ஊருக்குள் போய்ப் பார்த்துவந்தார். கிழவர்கள் சிலரும் செந்தாமரையும்தான் இருந்தார்கள். குழந்தைக்கு ஜலதோஷம் என்று அவள் கொல்லைக்குப் போகவில்லை. மற்றப் பிள்ளைகளெல்லாம் தாய்களோடு மலைமேல் இருந்தன. மருந்துக் குப்பி ஒன்றைத் திறந்தால் திறந்ததுதான், மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. பெட்டி எப்படியாவது குளிர்ந்துவிட்டால், ஒரு குழந்தைக்காக இன்று திறந்த குப்பி நாளைக்கு வேறு பத்துக் குழந்தைகளுக்குக் குறையும்.

சம்பூர்ணம் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கைக் கொளுத்தினாள். வேறென்ன செய்வது என்று தெரியாததால் கொளுத்தினாள். பெட்டி எரிந்தது, குளிரவில்லை. மலைச்சரிவில் எங்கோ பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் குரல் கேட்டது. நாளைக் காலை அவர்கள் முன்னால் மூன்றாவது முறையாகக் குப்பிகளைக் கவிழ்ப்பதை அவள் மனம் இப்போதே பார்த்துவிட்டது.

செந்தாமரை இடுப்பில் குழந்தையோடு கரைக்கு இறங்கி வந்தாள். கையில் அகலமான ஓர் அலுமினியச் சட்டி. அவள் பெட்டியையும், விளக்கையும், மாலையையும், நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்த பஞ்சாட்சரத்தையும் வரிசையாகப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் வேலூரு போனியா நர்சம்மா?"

சம்பூர்ணம் விளக்கின் திரியைக் குறைத்தாள்.

"குளிருதா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கும் கொட்டத்தான் போற."

"தெரில, தாமரை. என்னை ஒண்ணும் கேக்காத."

செந்தாமரை ஒரு காலைப் படகில் வைத்தாள். திட்டப்போகிறாள் என்று மாதையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் திட்டவில்லை.

"மூஞ்சப் பாத்தா காலையிலர்ந்து ஒண்ணும் துன்னாத மாதிரி கீது. கேவுரு கூழு. குடி மொதல்ல, அப்பால கொட்டுவ." சொல்லிவிட்டு, சட்டியை வைக்க இடம் தேடினாள். படகில் தட்டையாக இருந்த இடம் பெட்டியின் தலை ஒன்றுதான். அங்கே வைத்தாள்.

கூழ் ஒரு பக்கமாக ஓடியது. ஒரு விளிம்பில் வழிந்து சாமந்தி மாலையின்மேல் சொட்டியது. எதிர்விளிம்பில் சட்டியின் அடி தெரிந்தது.

"அய்ய, சாமி மாலையாச்சே!" என்று செந்தாமரை முந்தானையை நீட்டினாள். பஞ்சாட்சரம் மாலையைத் தூக்கினார். படகு ஆடியது. கூழ் இப்போது மறுபக்கம் ஓடியது.

சம்பூர்ணம் எழுந்து நின்றாள்.

"யாரும் தொடாதீங்க," என்றாள்.

ஓடி நின்ற கூழையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகின் மூக்கு சேற்றில் ஏறியிருந்தது, பின்பக்கம் தண்ணீரில் தாழ்ந்திருந்தது. மூச்சு விட்டால்கூடக் கூழ் அசைந்தது. தண்ணீர் மட்டமாகத்தான் இருந்தது. தண்ணீர்மேல் இருந்த படகு நாலு நாளாக ஒரு நொடியும் மட்டமாக இல்லை.

"எம் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்," என்றாள். "கடைக்காரரு சரியாத்தான் சொன்னாரு. இத எறக்கணும். மண்ணுல, அசையாம, மட்டமா வெக்கணும். இப்பவே."

"படகுலர்ந்தா?" என்றார் பஞ்சாட்சரம். அவருக்கும் புரிந்துவிட்டது, கண் கலங்கிவிட்டது. "அம்மா, நான் சொன்ன வார்த்தை…"

சம்பூர்ணம் அவரைப் பார்த்த பார்வையில் கற்பூரமே பற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் செந்தாமரை குறுக்கே விழுந்தாள். அவருடைய வேண்டுதலைப் பற்றி மாதையன் அவளுக்கு இரண்டு வார்த்தையில் சொல்லியிருந்தார்.

"பெரியவரே, பெட்டி படகுல இருக்கும்னு அம்மன்கிட்ட சொன்னீங்க, சரி. படகு தண்ணியில இருக்கும்னு சொன்னீங்களா?"

பஞ்சாட்சரம் கண்ணை மூடிக்கொண்டார். சன்னதியில் நின்றபடி உதடு அசைத்தது போல அசைத்துப் பார்த்தார். "'ஏரிக்கரைப் பிள்ளைங்களுக்குப் படகுல ஒரு குளிர்பெட்டி வெக்கிறேன் தாயே'ன்னு… அவ்வளவுதான்." கண்ணைத் திறந்தார். "தண்ணின்ற பேச்சே எடுக்கலியே நான்!"

"அப்ப படகத் தூக்கி மேல வெய்யிங்க. பெட்டி அதுலயே இருக்கட்டும்."

மாதையன் துடுப்பைத் தரையில் போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

சிரிப்பது சுலபமாக இருந்தது. இழுப்பது அப்படியில்லை. இருந்தவர்கள் அவர்கள் நாலு பேரும் இரண்டு கிழவர்களும்தான். படகு சேற்றை விட்டு வரமாட்டேன் என்றது. கயிறு கையைக் கிழித்தது. கொல்லையிலிருந்து பெண்களும் ஆண்களும் இறங்கி வரத் தொடங்கியபோது வெயில் மலைமுகட்டில் இருந்தது. என்ன ஏதென்று கேட்டவர்களுக்குச் செந்தாமரை சொன்ன பதில், "படகுக்குக் குளுருதாம், கரையேத்தறோம், புடி!" என்பதுதான். அறுத்த சாமைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார்கள். தேர் வடம் பிடிப்பது போல ஒரே மூச்சாக இழுத்ததில் படகு மேட்டுக்கு வந்தது.

"முட்டு குடுக்கிறத எங்கிட்ட வுடுங்க," என்று பஞ்சாட்சரம் வேட்டியை மடித்துக் கட்டினார். "எங்க ஊருத் தேருக்கு வாலிபத்துல முட்டுக்கட்டை போட்டவன் நான்." கல்லும் கட்டையுமாகப் படகின் அடியில் செருகினார். செருகச் செருக, சம்பூர்ணம் மேலே கூழைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்… போதும், போதும், ஏறிப்போச்சு… எடுங்க… ஐயோ, அது இல்லைங்க, அந்தக் கல்லு!" ஒரு கல்லை வைத்தால் ஒரு பக்கம் ஏறியது, அதைத் தட்டினால் மறுபக்கம் இறங்கியது. அவள் குரல் கட்டிவிட்டது. அவர் விரல் நசுங்கியது. ஒருவழியாகக் கூழ் சட்டியின் நாலு பக்கமும் ஒரே அளவில் நின்றபோது யாரும் மூச்சு விடவில்லை.

இழுப்பதற்குமுன் அணைத்திருந்த விளக்கைச் சம்பூர்ணம் மறுபடி பற்றவைத்தாள். திரி ஒரு முறை நீலமாக எரிந்து, கருகி, அணைந்தது.

தொட்டியில் எண்ணெய் இல்லை. மூன்று நாள் சோதனையில் எல்லாம் எரிந்து தீர்ந்திருந்தது.

அவள் அப்படியே பெட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ரேஷன் கடை மலைக்குக் கீழே. அழக்கூட நேரமில்லை.

செந்தாமரை குழந்தையை மாதையன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் அவர்கள் வீட்டு விளக்கு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வயிற்றில் இருந்த எண்ணெயைத் தொட்டியில் கவிழ்த்தாள். ஒரு கரண்டி இருக்கும். "ஒரு ராத்திரி இருட்டுல துன்னா சோறு வாய வுட்டு மூக்குக்குப் போயிடுமா இன்னா?" என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு வீட்டு விளக்காக வந்தது. சிலதில் அரைக் கரண்டிதான். ஒரு கிழவர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். மோந்து பார்த்த சம்பூர்ணம் பதறிப்போய்க் கையை மறித்தாள். இலுப்பை எண்ணெய். "அம்மன் காரியத்துக்குக் கிஸ்ணாயில் ஊத்தலாமா பொண்ணே?" என்று அவர் கேட்டார். அவர் மனம் நோகாமல், அதை வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அகலில் ஊற்றித் தனியே ஏற்றிவைத்தாள். பிறகு பெட்டியின் திரியைக் கொளுத்தி, மருந்துப் பிளாஸ்க்கை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். அன்று புளியமேட்டில் எரிந்தவை இந்த இரண்டு விளக்குகள்தான்.

தெய்வம் எந்த வழியாக வரும் என்று நமக்குத் தெரியாது. நாம் வாசலைக் கூட்டிக் கோலம் போட்டு வைத்திருப்போம். அது பின்கட்டு வழியாக, கையில் ஒரு கரண்டி எண்ணெயோடு வந்து நிற்கும்.

*

காலையில் சம்பூர்ணம் பெட்டியின் கதவைத் திறந்தாள். பஞ்சாட்சரம் திரும்பி நின்று அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதையன் மட்டும் எட்டிப் பார்த்து, "முள்ளு எறங்கிக் கீது," என்றார். இருக்கவேண்டிய இடத்துக்கு இறங்கியிருந்தது. பிளாஸ்க்கைத் திறந்தாள். பட்டாணி அளவு ஐஸ் ஒன்று இன்னும் மிதந்துகொண்டிருந்தது. குப்பிகள் விரலைச் சுடுவது போலச் சில்லென்று இருந்தன.

கரையில் புளியமேட்டுத் தாய்மார்கள் நின்றார்கள். நேற்றுக் கயிறு பிடித்த கைகள்தான் இன்று பிள்ளைகளைப் பிடித்திருந்தன. செந்தாமரையின் குழந்தை மருந்தை வாங்கிக்கொண்டு சப்புக்கொட்டியது. அவள் குழந்தையின் வாயை ஓரமாகத் துடைத்துவிட்டு, வரிசையை விட்டு விலகி நின்றாள்.

எல்லாம் முடிந்து விளக்கை அணைத்தபின்தான் சம்பூர்ணத்துக்கு மற்றது நினைவுக்கு வந்தது. இன்னும் நாலு கரை. கதவைத் திறக்காமல் போனால் அடுத்த கரை போய்ச்சேரும்வரை குளிர் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் மறுபடி இழுக்கவேண்டும், மறுபடி கல், மறுபடி எண்ணெய்க்குக் கையேந்தல். நினைக்கும்போதே அவள் முதுகு வலித்தது.

"ஒவ்வொரு கரையிலயுமா?" என்று கேட்டார் பஞ்சாட்சரம், துணி சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டே.

"ஒவ்வொரு கரையிலயும்தாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் படகுக்குள் போடத் தொடங்கினார்.

பெட்டியின் தலையில் சட்டி அப்படியே இருந்தது. ராத்திரி முழுக்க அதை யாரும் தொடவில்லை. கூழின்மேல் ஏடு படிந்து நன்றாகப் புளித்திருந்தது. சம்பூர்ணம் நின்றபடியே அதை முழுக்கக் குடித்தாள். சட்டியை ஏரியில் அலம்பி, செந்தாமரையிடம் நீட்டினாள்.

செந்தாமரை அதை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சட்டியைப் பிடுங்கி, அதில் பாதி ஏரித் தண்ணீரை மொண்டு, படகில் ஏறி, பெட்டியின் தலையில் வைத்தாள்.

"அடுத்த கரையில வேணும். மூணாம் நாளு திரும்பி வரச்சொல்ல குடு," என்றாள். "ஒடச்சிடாத."